ஐஸ் வண்டிக்குப் பூசை

ஐஸ் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

சேனாபதி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிப் பார்த்தார். காமாலை இல்லை. கண்ணாடி சுத்தமானதில் மஞ்சள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது.

முந்தின நாள் வந்திறங்கிய புத்தம்புது ஐஸ் தேய்க்கும் வண்டியை வில்பர் ஓட்டிக்கொண்டு போனார். அந்த வண்டி முன்னால் கத்தியால் ஐஸின் மேல்தோலைச் சீவும். பின்னால் சுடுதண்ணீர் விட்டுத் துணியால் தடவிக்கொண்டே போகும். தடவிய தண்ணீர் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இன்றைக்கும் எல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆனால் வண்டிக்குப் பின்னால் மாப்பிள்ளை அழைப்புக்கு நடைபாவாடை விரித்ததுபோல ஆறடி அகலத்துக்கு ஒரு மஞ்சள் பட்டை நீண்டுகொண்டே வந்தது.

“வில்பர்! நிறுத்து! நிறுத்து!”

வில்பர் நிறுத்தவில்லை. ஆயுசில் பாதியை மாட்டு லாரி ஓட்டிக் கழித்த மனிதர். பின்னால் என்ன நடக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பார்த்தால் மனசு கெட்டுப்போகும் என்பார்.

சேனாபதி வழுக்கி வழுக்கி ஓடினார். ஓடும்போதே அவர் மனக்கண்ணில் ஏர் இந்தியா விமானம் ஒன்று படிக்கட்டை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

காரணம் இருந்தது. பெருந்துறையில் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கு, அப்புறம் மஸ்கட்டில் ஏ.சி. என்று குளிரையே நம்பிப் பிழைத்த சேனாபதி, 1994இல் டல்லஸுக்கு வடக்கே, ஆலன் என்ற ஊரையும் தாண்டி, ஒரு பழைய மாட்டுச் சந்தைக் கொட்டகையில் ஐஸ் போடும் உத்தியோகத்துக்கு வந்து சேர்ந்தார். முதலாளி பக்லி மாடு விற்ற காசில் ஒரு குட்டி லீக்கின் ஐஸ் ஹாக்கி டீமை வாங்கி, அதற்கு ஆர்மடில்லோஸ் என்று பெயரும் வைத்திருந்தார். ஆர்மடில்லோ என்பது முதுகில் ஓடு போர்த்திய ஒரு பிராணி. டெக்சஸில் அதைப் பெரும்பாலும் ஃப்ரீவே ஓரத்தில் செத்துக் கிடக்கும்போதுதான் தரிசிக்க முடியும். டீமும் மூன்று வருடமாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வந்தது. இந்த வருடம், 1997இல், யார் செய்த புண்ணியமோ, ஃபைனலுக்கு வந்துவிட்டது. இன்று பிற்பகல் ஆட்டம்.

சேனாபதிக்கு ஃபைனல் பெரிதில்லை. கிரீன் கார்டுதான் பெரிது. இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று பக்லி அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டு ஒரு வருடமாகிறது. பதில் இல்லை. விசா ஜூலையில் முடிகிறது. காலையில் பக்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொல்லியிருந்தார்:

“சேனா, லீக்ல இருந்து ஒருத்தன் வர்றான். ஐஸைப் பார்ப்பான். சரியில்லேன்னா ஆட்டத்தையே கேன்சல் பண்ணிக் கோப்பையை அந்தப் பக்கம் தூக்கிக் குடுத்துடுவான். அப்படி மட்டும் நடந்துச்சு, நாளைக்குக் காலையில உன் அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிட்டு உன்னை நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுடுவேன். நல்ல மனசோடதான் சொல்றேன்.”

வில்பர் ஒருவழியாக வண்டியை நிறுத்தியபோது மஞ்சள் பட்டை அரங்கின் ஒரு பக்கத்தைச் சுற்றி, கோல் கம்பத்துக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. சேனாபதி தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தார். ஆவியோடு ஒரு வாசனை மேலே வந்தது. மூக்குக்கு வெகுநாள் பழக்கமான வாசனை.

அவர் மெதுவாகத் திரும்பிக் காலரியைப் பார்த்தார். முதல் வரிசையில் அவர் மனைவி நாகமணி, தயிர்சாத டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு அமர்ந்திருந்தாள். காலையில் வண்டிக்குப் பூசை போட வந்தவள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம், ஒரு தேங்காய். அதுவரை எல்லாம் சேனாபதிக்குத் தெரியும். அவரே வேட்டி கட்டிக்கொண்டு சூடம் காட்டியவர்தான்.

“புள்ள! வண்டித் தொட்டியில என்னத்தப் போட்ட?”

“ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா எதுக்குங்க இப்பிடிக் கத்தறீங்க?”

“என்னத்தப் போட்டன்னு கேக்கறேன்.”

“மஞ்சத்தூளுங்க. புதுத் தொட்டியில வெறுந்தண்ணிய ஊத்தியா ஆரம்பிக்கறது? மங்களகரமா இருக்கட்டும்னு போட்டேன்.”

“எவ்வளவு?”

“நெறையால்லாம் இல்லீங்க. அப்பா ஈரோட்டுல இருந்து அனுப்புன பாக்கெட்டு.”

“அதுல ரெண்டு பாக்கெட்டு இருந்துச்சே. சின்னதா, பெருசா?”

“பெருசுங்க. சின்னதப் போட்டுட்டா சாம்பாருக்கு என்ன பண்றது?”

சேனாபதி ஐஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குளிர் உறைத்ததும் எழுந்துகொண்டார்.

“போன வாரம் பழைய வண்டி செமி ஃபைனல்ல நட்ட நடு ஐஸ்ல நின்னுபோச்சுல்லீங்க?” என்றாள் நாகமணி. “எதுனால? பூசை போடாத வண்டி.”

“அது நான் வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்த வண்டி புள்ள.”

“அதத்தானுங்க நானும் சொல்றேன்.”

வாதாட நேரமில்லை. சேனாபதி வில்பரிடம் சொன்னார்: தண்ணீர்க் குழாயை மூடு, கத்தியை மட்டும் இறக்கு, வந்த வழியே போய் மஞ்சளைச் சீவி எடு. வில்பர் தலையாட்டினார். புது வண்டியில் நிறையக் கைப்பிடிகள் இருந்தன. அவற்றில் ஒன்றை நம்பிக்கையோடு திருகினார். பழைய வண்டியில் அது மூடும் கைப்பிடி. புது வண்டியில் அது முழுசாகத் திறக்கும் கைப்பிடி. வில்பரும் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் திரும்பி வந்து சேர்ந்தபோது பாதி அரங்கம் வைக்கோல் நிறத்திலும், கோலுக்கு முன்னால் அசல் மாரியம்மன் பூச்சாற்று மஞ்சளிலும் இருந்தது.

“கொஞ்சம் குறைஞ்சிருக்கா பாஸ்?” என்றார் வில்பர்.

அந்த நேரம் பார்த்து பக்லியின் பூட்ஸ் சத்தம் கேட்டது. சேனாபதி பாய்ந்துபோய் அந்தப் பாதிக்கான விளக்குகளை எல்லாம் அணைத்தார்.

“என்ன சேனா, ஒரே இருட்டு?”

“லைட்டுக்கு ரெஸ்ட் குடுக்கறேன் சார். ஆட்டத்தப்போ ஃப்ரெஷ்ஷா எரியும்.”

பக்லிக்கு ஒரு பலவீனம் உண்டு. ஐஸ் ஹாக்கியின் பழைய கதைகளில் ஒன்று ஞாபகம் வந்துவிட்டால் கண் முன்னால் கொட்டகை பற்றி எரிந்தாலும் கதையை முடித்துவிட்டுத்தான் அணைக்கப் போவார். இருட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“1988ல பாஸ்டன்ல இதே கதைதான். பெரிய லீக் ஃபைனல். பாதி ஆட்டத்துல கரன்ட் போச்சு. ஊரே இருட்டுல உட்கார்ந்திருந்துச்சு. கடைசில எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.” உருக்கமாகப் பெருமூச்சு விட்டார். “சரி, லீக் ஆள் வந்துட்டானான்னு பார்க்கறேன்.”

அவர் போனார். சேனாபதி விளக்கைப் போட்டார். போட்டதும் பக்கத்தில் ஒருவர் நிற்பது தெரிந்தது. கறுப்புக் கோட்டு, ஒல்லியான டை, கையில் ஒரு தட்டு நாச்சோஸ், அதாவது சீஸ் ஊற்றிய சோளச் சிப்ஸ். டெக்சஸில் ஞாயிற்றுக்கிழமை டை கட்டிக்கொண்டு வருகிறவன் ஒன்று பாதிரியார், இல்லையென்றால் ஆபீசர். இவர் கழுத்தில் சிலுவை இல்லை.

“இங்கே ஐஸுக்கு நீங்கதான் பொறுப்பா?”

“ஆமா சார்,” என்றார் சேனாபதி. 

“நான் ஒரு ஓரமா நின்னு பார்க்கலாமா? நீங்க உங்க வேலையைப் பாருங்க.” ஒரு சிப்ஸை எடுத்துக் கடித்தார். “ஐஸ் மஞ்சளா இருக்கே?”

பக்லியிடம் மூன்று வருடம் கதை கேட்டது அந்த நிமிடத்தில்தான் சேனாபதிக்கு உதவியது.

“1949 வரைக்கும் பெரிய லீக்லயே ஐஸுக்கு வெள்ளை அடிக்கற வழக்கம் கிடையாது சார். அழுக்குக் கலர்லதான் இருக்கும். வெள்ளைங்கறது பின்னாடி வந்த ஃபேஷன்.”

“அப்போ மஞ்சள்?”

“அதுக்கும் பின்னாடி வந்தது.”

டைக்காரர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் அர்த்தம் எதுவும் தெரியவில்லை. அதுதான் சேனாபதியைக் கலக்கியது.

வெள்ளை என்று வாயால் சொன்னதும் மூளையில் பொறி தட்டியது. மேலே வெள்ளை அடித்துவிட்டால்? ஐஸுக்கென்று பூசும் வெள்ளைப் பெயின்ட், சீசன் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. வில்பரை அழைத்து, எங்கேயாவது வெள்ளையாகப் பொடி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். வில்பர் விருட்டென்று பிக்கப் டிரக்கை எடுத்துக்கொண்டு போனார். பக்கத்துப் பேஸ்பால் மைதானத்தில் கோடு போட வைத்திருந்த மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். இருவரும் அவசர அவசரமாகக் கோலுக்கு முன்னால் பொடியைத் தூவி, உறையட்டும் என்று மேலே தண்ணீர் தெளித்தார்கள்.

ஒரு கணம் எல்லாம் வெளுப்பாக இருந்தது. சேனாபதி பெரியாண்டவரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த கணம் ஐஸ் சிவந்தது. லேசாக இல்லை. கிடா வெட்டிய கோயில் வாசல் மாதிரிச் சிவந்தது.

“ஏனுங்க!” காலரியில் இருந்து நாகமணியின் குரல் வந்தது. “அது சுண்ணாம்புங்களா?”

சேனாபதி மூட்டையைத் திருப்பி எழுத்தைப் படித்தார். சுண்ணாம்புதான்.

“மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டாச் செவக்கும்னு பச்சக் கொழந்தைக்குத் தெரியுமேங்க! நம்ம கல்யாணத்துல எத்தன ஆரத்தி சுத்துனாங்க! கண்ண மூடிட்டா நின்னீங்க?”

வில்பர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். “யாருக்கு அடிபட்டுச்சு பாஸ்?”

டைக்காரர் இரண்டடி முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். “இது...?”

“டெட்ராய்ட்ல 1952ல இருந்து ராசிக்காக ஐஸ் மேல ஆக்டோபஸ் எறியறாங்க சார்,” என்றார் சேனாபதி. குரல் தானாக ஓடியது. “போன வருஷம் ஃப்ளோரிடாவுல பிளாஸ்டிக் எலியாக் கொட்டினாங்க. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம். நாங்க வெஜிடேரியன்.”

டைக்காரர் அதற்கும் தலையாட்டினார்.

நாகமணி தடுப்புக் கண்ணாடியோரம் வந்து நின்றாள். “எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சா மறுபடி மஞ்சளாயிருமுங்க. புளிப்பு எதுன்னாலும் சரி.”

மஞ்சளாவது பரவாயில்லை, அதற்கு 1949 இருக்கிறது. சிவப்புக்கு அவ்வளவு வரலாறு இல்லை. ஆனால் இருந்த எலுமிச்சம்பழங்கள் காலையிலேயே சக்கரத்தடியில் வீரமரணம் அடைந்திருந்தன. சேனாபதியின் பார்வை டைக்காரரின் தட்டில் போய் நின்றது. நாச்சோஸ். நாச்சோஸ் மேல் ஹாலபீனோ மிளகாய். அந்த மிளகாய் எதில் ஊறுகிறது? வினிகரில்!

தின்பண்டக் கடையின் பின்கட்டில் பெரிய பெரிய ஜாடிகள் அடுக்கியிருந்தன. சேனாபதியும் வில்பரும் ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்து, மிளகாயைக் கையால் தடுத்து, சாற்றை ஊற்றினார்கள். மாயம்போலச் சிவப்பு மறைந்தது. மஞ்சள் திரும்பியது. நாகமணி, “பாத்தீங்களா?” என்றாள்.

சேனாபதி நிம்மதியாகக் கையை முகர்ந்து பார்த்தார். நாக்கில் வைத்தும் பார்த்தார். வைத்த இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

உப்பு.

வினிகரில் உப்பு. உப்பு பட்டால் ஐஸ் உருகும். இந்தக் கொட்டகையில் அந்த ஒரு விஷயம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். குளிர்கிடங்கில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அதைச் சொல்லித்தான் சம்பளம்.

கோலுக்கு நேர் முன்னால் ஐஸ் பொறுமையாக, அவசரமில்லாமல், கிணறு வெட்டுவதுபோல இறங்கத் தொடங்கியது. உள்ளே குழாய்கள் தெரிந்தன. மிச்சமிருந்த ஒன்றிரண்டு மிளகாய் வளையங்கள் அதில் மிதந்தன.

“குழி மாதிரி இருக்கே,” என்றார் டைக்காரர்.

சேனாபதிக்குக் குழியைப் பற்றிய கதை எதுவும் கைவசம் இல்லை. இருந்ததை எடுத்து விட்டார்.

“1905ல கனடாவோட வடகோடி யூகான்ல இருந்து ஒரு டீம் கோப்பைக்கு ஆட வந்துச்சு சார். நாய் வண்டி, நடை, கப்பல், ரயில்னு மாசக்கணக்கா வந்து, இருபத்து மூணுக்கு ரெண்டுன்னு தோத்துட்டுப் போனாங்க.”

“சரி?”

“அவங்க ஒரு புகாரும் சொல்லல.”

டைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். “கடையில இன்னொரு தட்டு கேட்டேன். மிளகாய் இருக்கு, ஆனா காஞ்சுபோய் இருக்குன்னாங்க. அது ஏன்னு இப்பப் புரியுது.”

கதவுகளைத் திறந்துவிட்டார்கள். ஜனங்கள் உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார்கள். நடுவர்கள் உடைமாற்றும் அறையில் ஸ்கேட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். குழியை உடனே உறைய வைத்தாக வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வழிதான். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை எடுத்து அடித்தால் பனிக்கட்டி நொடியில் இறுகும். சேனாபதி உருகிய ஐஸ் சேற்றை வாரி எறிந்தார், ஐஸ் தூளைக் கொட்டி நிரப்பினார், தண்ணீர் விட்டார், சுவரில் இருந்த சிவப்பு உருளையைக் கழற்றி, குனிந்து, குழியைக் குறிவைத்து அழுத்தினார்.

அபாரமாக உறைந்தது. அன்றைக்கு அவர் செய்ததில் உருப்படியாக நடந்த முதல் காரியம். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து, அழகாக மிதந்து, உத்தரத்தில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவியின் கண்ணுக்கு நேரே போய் நின்றது.

சங்கு ஊதியது. விளக்குகள் மின்னின. தீப்பிடித்து மாடுகள் மிரண்டால் தப்பிக்கட்டும் என்று அந்தக் காலத்தில் பக்லியின் அப்பா வைத்த இரண்டு பிரம்மாண்டமான கதவுகளும் தாமாகவே திறந்துகொண்டன. வெளியே தொண்ணூற்றைந்து டிகிரி வெயில். இரண்டு நாள் மழை விட்ட புழுக்கம். அந்தக் காற்று உள்ளே வந்து ஐஸைத் தொட்டதும் அரங்கத்துக்குள் மார்கழி பிறந்துவிட்டது. எதிரில் நிற்பவன் தெரியவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து, “யாரும் ஓடாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடுகிற சத்தம் கேட்டது.

“ஏனுங்க, எங்க இருக்கீங்க?”

“இங்கதான் புள்ள.”

“இங்கன்னா எங்க?”

“தெரிஞ்சாச் சொல்ல மாட்டனா?”

தீ இல்லை என்று தெரிந்து ஜனங்கள் திரும்பி வந்தார்கள். அவர்களோடு டிக்கெட் இல்லாமல் வேறு சிலரும் வந்தார்கள். வெளியே பார்க்கிங் லாட்டில் சிந்திய பாப்கார்னைப் பொறுக்கிக்கொண்டிருந்த கருங்குருவிக் கூட்டம் ஒன்று, உள்ளே இன்னும் நிறைய இருக்கும் என்று கணக்குப் போட்டு வந்துவிட்டது. வந்த பறவைகள் ஐஸில் இறங்கி, கால் வழுக்கி, அதிர்ச்சியடைந்து, அப்புறம் பழகிக்கொண்டன.

மூடுபனிக்குள் பக்லியின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. சேனாபதி தன் வாழ்வின் கடைசி அத்தியாயத்துக்குத் தயாரானார்.

“சேனா!” பக்லி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்களில் தண்ணீர். “1975! பஃபலோ! ஃபைனல்! இதே மாதிரி மூடுபனி! ஒரு வௌவால் வேற உள்ளே பறந்துச்சு, ஒரு ஆட்டக்காரன் மட்டையாலேயே அடிச்சான்! 1991ல லாஸ் வேகஸ்ல வெட்டவெளியில ஆடினாங்க, வெட்டுக்கிளி கூட்டம் கூட்டமா வந்து ஐஸ்ல விழுந்துச்சு! இப்போ நம்மகிட்ட மூடுபனி, பறவை ரெண்டும் ஒரே நாள்ல!” சட்டென்று குரல் மாறியது. “ஆனா ஆட்டம் நடக்கலேன்னா நீ செத்த. லீக் ஆள் எங்கே?”

“இங்கதான் பக்கத்துல எங்கேயோ இருக்கார் சார்,” என்றார் சேனாபதி பலவீனமாக.

“பஃபலோல பனியைக் கலைக்கறதுக்குப் போர்வையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஐஸ்ல சுத்தினாங்க. போர்வை இருக்கா?”

போர்வை இல்லை. ஆனால் காலையில் பூசைக்குக் கட்டிய எட்டு முழ வேட்டி பையில் இருந்தது. ஆறரை அடி உயரத்தில், முன்பல் இல்லாத இரண்டு கனடாக்காரர்கள் மயில்கண் கரை போட்ட அந்த வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு அரங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அதற்குள் வில்பர் பெரிய கதவுகளை மூடியிருந்தார். மூடுபனி விலகியது. குருவிகள் எழுந்து, காலரியின் உச்சியில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேட்டிக்கு அமெரிக்காவில் அதுவரை அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

நடுவர் வந்தார். கோலுக்கு முன்னால் ஸ்கேட்டால் தட்டிப் பார்த்தார். குனிந்து மோந்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“ஐஸ் ஏன் நாச்சோஸ் வாசனை அடிக்குது?”

 நடுவர் டைக்காரரைப் பார்த்தார். டைக்காரர் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார். நடுவர் தோளைக் குலுக்கிவிட்டு விசிலை ஊதினார்.

அந்த ஆட்டத்தைச் சேனாபதி பார்க்கவில்லை. கோலுக்கு முன்னால் இருந்த மஞ்சள் வட்டத்தை மட்டுமே பார்த்தார். ஒவ்வொரு ஸ்கேட்டும் அதன்மேல் ஏறும்போது அவர் நெஞ்சின்மேல் ஏறியது. நாகமணி பக்கத்தில் உட்கார்ந்து, உதட்டை மட்டும் அசைத்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். டைக்காரர் அவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அவர் கண் ஆட்டத்தில் இல்லை. சேனாபதியின் மேலேயே இருந்தது.

கடைசி நிமிடம் வரை ஆர்மடில்லோஸ் ஒரு கோல் முன்னால் இருந்தது. அப்போதுதான் எதிராளி ஒருவன் பக் என்கிற ரப்பர் வட்டைப் பறித்துக்கொண்டு தனியாளாகப் பாய்ந்தான். கோல்கீப்பர் ஏற்கெனவே ஏமாந்து ஓரமாக விழுந்து கிடந்தான். கோல் திறந்த வீடு. அவன் மெதுவாக, அலட்சியமாக, குழந்தைக்குப் பந்து உருட்டுவதுபோல் பக்கைத் தட்டிவிட்டான். பக் வழுக்கிக்கொண்டு போனது. மஞ்சள் வட்டத்தைத் தொட்டது. உப்பு ஊறிச் சற்றே இளகியிருந்த அந்த இடத்தில், மெத்தையில் விழுந்த மாமனார் மாதிரி, அப்படியே உட்கார்ந்துவிட்டது.

சங்கு ஊதியது. இந்த முறை ஆட்டம் முடிந்ததற்கு.

கொட்டகை இரண்டாகப் பிளந்தது. தொப்பிகள் பறந்தன. வில்பர் தம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஜெயிச்சுட்டோமா?” என்றார். பக்லி ஓடிவந்து சேனாபதியைத் தூக்கியே விட்டார்.

“சார், லீக் ஆள் என்ன சொன்னார்?” சேனாபதி அந்தரத்தில் இருந்தபடியே கேட்டார்.

“அவனா? வரவே இல்லப்பா! ஓக்லஹோமாவுல கார் படுத்துடுச்சாம். இப்பத்தான் ஃபோன் பண்ணினான்.”

“அப்போ... டை கட்டிக்கிட்டு என்கூடவே இருந்தாரே?”

“அவனா? உனக்குத் தெரிஞ்சவன்னு நெனச்சேன். மத்தியானத்துல இருந்து உன் பின்னாலேயேதானே சுத்திட்டிருந்தான்?” பக்லி அவரைக் கீழே இறக்கிவிட்டுக் கோப்பையை நோக்கி ஓடினார்.

சேனாபதி திரும்பினார். டைக்காரர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார். நாகமணி கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, யாருங்க இவரு?”

“தெரியல புள்ள. என்ன கேட்டாலும் நீ வாயைத் தொறக்காத. நான் உண்மையச் சொல்லிடறேன்.”

டைக்காரர் எதிரில் வந்து நின்றார். சேனாபதி ஒரே மூச்சில் கொட்டினார்: மஞ்சள் தூள், சுண்ணாம்பு, மிளகாய்ச் சாறு, தீயணைப்பான், எல்லாம் தன் தவறு, பக்லிக்கு எதுவும் தெரியாது, வீட்டுக்காரி பாவம், நல்லது நினைத்துச் செய்தவள். சொல்லச் சொல்ல அவருக்கே அது நடந்த கதையாகத் தோன்றவில்லை.

டைக்காரர் முழுதும் கேட்டார். கைக்குட்டையை எடுத்து விரலில் ஒட்டியிருந்த சீஸைத் துடைத்தார். பிறகு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, கையை நீட்டினார்.

“நான் லேபர் ஆபீஸ்ல இருந்து வர்றேன், மிஸ்டர் சேனாபதி. உங்க கிரீன் கார்டு அப்ளிகேஷன்ல, இந்த வேலையைச் செய்யறதுக்கு ஒரு அமெரிக்கன்கூட கிடைக்க மாட்டான்னு உங்க முதலாளி எழுதியிருந்தாரு, அது நிஜமான்னு நேர்ல பார்த்துட்டு வரச் சொன்னாங்க. பார்த்துட்டேன், சத்தியமாக் கிடைக்க மாட்டான்.”